கோட்டை மதிலடியில் 23 மில்லிமீற்றர் மனிதர்கள்: கேள்வி பதில்

மட்டக்களப்புக் கோட்டையை ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த 1638ஆம் ஆண்டுக் காட்சியை, ஒரு மேசைப் பலகையில் சின்னச் சிப்பாய்களைக் கொண்டு செய்து வருகிறேன். படத்தைக் கண்ட பலர் கேள்வி அனுப்பினார்கள். ஒரே கேள்வியை நான்கு பேர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

ஐயா, தொடங்குபவர் எந்த அளவில் தொடங்க வேண்டும்? (ஆரையம்பதி)

1/72, அதாவது உண்மை உருவத்தின் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. ஐந்தரை அடிச் சராசரி ஆள் இந்த அளவில் ஏறத்தாழ 23 மில்லிமீற்றர் உயரம் வருவான். ஒரு பெட்டியில் நாற்பது ஐம்பது பேர் கிடைப்பதால் பத்துப் பேரைக் கெடுத்துப் பழகலாம். 1/35இல் முகம் அழகாக வரும். ஆனால் இருபது மீற்றர்த் தென்னை 1/72இல் 28 சென்டிமீற்றர் என்றால் 1/35இல் 57 சென்டிமீற்றர். அதை எந்த அலுமாரியில் வைப்பீர்கள்? மரத்தைக் கணக்குப் பார்த்துவிட்டு மனிதனை வாங்குங்கள்.

என்னிடம் நெப்போலியன் காலச் சிப்பாய்கள் ஒரு பெட்டி இருக்கிறது. நிறத்தை மாற்றி ஒல்லாந்தராக்கலாமா? (கல்லடி)

முடியாது தம்பி. இடையில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இருக்கிறது. 1638இல் வந்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிச் சிப்பாய்க்கு நாம் நினைக்கும் சீருடையே கிடையாது. கையில் திரி வைத்துச் சுடும் துப்பாக்கி, அதைத் தாங்க ஒரு கவைக்கோல், தலையில் அகன்ற தொப்பி அல்லது இரும்புத் தலைக்கவசம், சிலரிடம் நீண்ட ஈட்டி. ஐரோப்பாவில் 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போருக்கான உருவங்களைத் தேடுங்கள். ரெவெல் நிறுவனம் 1/72இல் வெளியிட்டிருக்கிறது. அவற்றை ஒரே நிறத்தில் வரிசையாகப் பூசிவிடாதீர்கள். ஒருவருக்கு மங்கிய மண்ணிறம், அடுத்தவருக்குச் சாம்பல், இன்னொருவருக்குப் பழைய பச்சை.

ஒல்லாந்தரோடு நின்றவர்கள் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் படையினர். அவர்களுக்குப் பெட்டி தேடி அலைந்து கைவிட்டேன். அலெக்சாண்டர் காலத்து இந்தியக் காலாட்களை வாங்கி, கேடயத்தை வெட்டி எடுத்துவிட்டு, மெல்லிய டிஷ்யூக் கடதாசியை மரப்பசையில் நனைத்து இடுப்புத் துணியாகச் சுற்றினேன். கால்கள் வெறுங்கால்தான். செருப்பு வார் தெரிந்தால் சுரண்டிவிடுங்கள்.

பூசிய பெயிண்ட் ஈட்டியிலிருந்து தோல் உரிவதுபோல் உரிகிறது. (செங்கலடி)

அந்த மென்பிளாஸ்டிக் பொலித்தீன் வகை. அதில் எதுவும் இலகுவில் ஒட்டாது. முதலில் பாத்திரம் கழுவும் திரவத்தை இளஞ்சூட்டு நீரில் கலந்து, பழைய பல்தூரிகையால் தேயுங்கள். அச்சிலிருந்து கழற்ற உதவும் எண்ணெய்ப் பூச்சு போக வேண்டும். பிறகு வளைந்து கொடுக்கும் அடிப்பூச்சு. அதற்கு மேல் அக்ரிலிக். கையை வெட்டி மாற்றும்போதும் பசையை மட்டும் நம்பாதீர்கள். மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே செருகுங்கள்.

கண் வரைவது எப்படி? (கல்முனை)

வரையாதீர்கள். கண் வரைந்தால் எல்லோரும் பேயைக் கண்டதுபோல் விழித்துக்கொண்டு நிற்பார்கள். கரும் மண்ணிறத்தை நன்றாக நீர்க்கச் செய்து முகத்தில் ஓடவிடுங்கள். குழிகளில் தானாகத் தங்கும். காய்ந்ததும் மூக்கிலும் கன்னத்திலும் வெளிர் நிறத்தை ஒற்றினால் போதும்.

இன்றைய கோட்டையை அளந்து அப்படியே செய்தால் சரிதானே சேர்? (புளியந்தீவு)

இல்லை. 1628இல் போர்த்துக்கேயர் கட்டியதைப் பின்னர் ஒல்லாந்தர் மாற்றிக் கட்டினார்கள். வாசலில் கம்பனி முத்திரையைப் பதித்துவிட்டு அதற்குள் போர்த்துக்கேயரை நிறுத்தினால், வரலாறு படித்த பிள்ளை சிரிக்கும். நான் மதிலின் ஒரு மூலையையும் வாவிக்கரையையும் மட்டும் காட்டுகிறேன். மதில் ரெஜிபோமில் (வெள்ளை நுரைப்பலகையில்) செதுக்கியது. அதன்மேல் நேராக ஸ்பிரே அடித்தால் கரைந்துவிடும்; முதலில் மரப்பசை பூசுங்கள். வாவிக்கு நீலம் வேண்டாம். பச்சை கலந்த மண்ணிறத்தின்மேல் பளபளப்பு வார்னிஷ் ஐந்தாறு தடவை. கல்லடிக் கடற்கரை மணலைச் சல்லடையில் அரித்து, உப்புப் போகக் கழுவிய பிறகே பயன்படுத்துங்கள். அரிக்காத மணல்மணி இந்த அளவில் கூழாங்கல்.

ஹேர்ம்ஸ் கப்பலைச் செய்ய ஆசை. (களுவாஞ்சிக்குடி)

நல்ல ஆசை. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் நம் கரைக்கு அப்பால் கடலில் மூழ்கடித்த பிரித்தானிய விமானம் தாங்கிக் கப்பல். ஏறத்தாழ 183 மீற்றர் நீளம். 1/700இல் 26 சென்டிமீற்றர். அதில் ஓர் ஆள் இரண்டரை மில்லிமீற்றர், அரிசிமணியில் பாதிகூட இல்லை. பித்தளைத் தகட்டில் அரித்தெடுத்த உருவங்களைத்தான் ஒட்ட வேண்டும். விமானம் தாங்கிதானே என்று தளம் நிறைய விமானங்களை அடுக்கிவிடாதீர்கள்: அன்று அதில் ஒரு விமானமும் இருக்கவில்லை. அந்த வெறுந்தளந்தான் காட்சி.

வார்னிஷ் அடித்ததும் எல்லாம் வெள்ளை படிந்துவிட்டது. (அக்கரைப்பற்று)

மாரி காலத்தில் அடித்திருப்பீர்கள். நானும் ஒரு மார்கழியில் பதினாறு பேரைப் பனியில் நனைந்தவர்களாக்கினேன். காற்றில் ஈரம் கூடினால் மங்கல் வார்னிஷ் பூத்துவிடும். நல்ல வெயில் நாளில் பளபளப்பு வார்னிஷ் ஒரு கை கொடுங்கள், பெரும்பாலும் தெளியும்.

நாம் கண்ட போரை ஏன் செய்வதில்லை அண்ணா? (வாழைச்சேனை)

1638இல் விழுந்தவனின் தாய் என் வீட்டுக்கு வந்து இந்தப் பலகையைப் பார்க்கப்போவதில்லை. செய்பவர்களைக் குறை சொல்லவில்லை. என் கை போகவில்லை.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இதெல்லாம் ஆபத்தில்லையா? (காத்தான்குடி)

பழைய உலோக உருவங்களில் ஈயம் இருக்கும். அவற்றை அரத்தால் தேய்த்தால் தூள் பறக்கும். கையைக் கழுவாமல் சோற்றில் வைக்காதீர்கள், பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. பிளாஸ்டிக்கில் ஈயப் பயம் இல்லை என்றாலும் தொண்டையில் சிக்கும். என் பேரன் ஒரு போர்த்துக்கேயரை வாயில் போட்டுவிட்டான். பல் அடையாளத்தோடு மீட்ட அந்த ஆள்தான் இப்போது மதிலடியில் காயம்பட்டுக் கிடக்கிறார்.