புவெனஸ் ஐரிஸில் எட்டு வாரம்

அன்புள்ள ஐயா,

வரும் ஜூலையில் எட்டு வாரம் ஸ்பானிய மொழி படிக்க அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் ஐரிஸ் போகிறேன். கோவையில் இரண்டு வருடமாக, ஸ்பெயினில் அச்சான பாடநூலை வைத்துப் படித்தவள். நீங்கள் புவெனஸ் ஐரிஸில் மூன்று மாதம் மாணவராக இருந்ததைப் பற்றி முன்பு எழுதியிருந்தீர்கள். இரண்டு கேள்விகள். காலையில் நான்கு மணி நேரம்தான் வகுப்பு. மீதிப் பொழுதில் எதையெல்லாம் பார்க்கலாம்? அப்புறம், அங்கே பேசுவது கொச்சையான ஸ்பானியம், அதைப் பழகினால் படித்ததும் கெட்டுவிடும் என்று உடன் படிப்பவர்கள் சொல்கிறார்கள். வேறு ஊரைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டுமோ?

ர., கோவை

அன்புள்ள ர.,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஊரை மாற்றாதீர்கள்.

உங்கள் புத்தகத்தில் 'நீ' என்பதற்கு 'தூ' இருக்கும். புவெனஸ் ஐரிஸ்காரர்கள் 'வோஸ்' என்பார்கள். வினையும் மாறும்: 'தூ தியேனெஸ்' அங்கே 'வோஸ் தெனேஸ்'. இதைத்தான் உங்கள் நண்பர்கள் கொச்சை என்கிறார்கள். உண்மையில் 'வோஸ்' மிகப் பழைய சொல். ஒரு காலத்தில் ஸ்பெயினில் பெரியவர்களை மரியாதையாக அழைத்த சொல். போகப்போக மரியாதை தேய்ந்தது, அந்த இடத்துக்கு 'உஸ்தெத்' வந்தது, ஸ்பெயின் 'வோஸை'க் கைவிட்டது. ஸ்பெயின் அங்கெல்லாம் ஆண்ட நாளில், அதன் அரசப் பிரதிநிதிகள் வாழ்ந்த லிமாவும் மெக்சிகோ நகரமும் ஸ்பெயின் அரசவைப் பேச்சைப் பின்பற்றின. புவெனஸ் ஐரிஸோ 1776 வரை தலைநகர் அந்தஸ்து இல்லாமல் ஓரத்தில் கிடந்த துறைமுகம். பழைய சொல் அங்கே தங்கிவிட்டது. நம் 'நீர்' கதையும் ஏறக்குறைய இதுதான். 'நீ'யின் பன்மையாக இருந்து, மரியாதைச் சொல்லாகி, 'நீங்கள்' வந்த பிறகு நடுவில் நின்றது. திருநெல்வேலியில் ஒருவர் 'வாரும்' என்று கூப்பிடுவதைக் கொச்சை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். 'வோஸ்' விஷயத்திலும் அப்படித்தான். 1982இல் அர்ஜென்டினாவின் மொழிக் கழகமே இந்த வழக்கைச் செம்மையானது என்று ஏற்றுக்கொண்டது.

உச்சரிப்புக்குக் காது பழக ஒரு வாரம் பிடிக்கும். நீங்கள் 'ய' என்று படித்த பல இடங்களில் 'ஷ' கேட்கும். தெரு 'காஷே', மழை 'ஷூவியா'. முக்கியமான ஒன்று: பஸ் பிடிப்பதற்கு உங்கள் பாடநூல் சொல்லும் 'கொஹேர்' என்ற வினை அங்கே கெட்ட வார்த்தை. 'தொமார்' என்று சொல்லுங்கள். இத்தாலியிலிருந்து கப்பல் கப்பலாக வந்து குடியேறியவர்களின் சொற்களும் கலந்திருக்கும். வேலைக்கு 'லபூரோ', விடைபெற 'சாவ்'. சொல்லின் அசைகளைத் திருப்பிப்போட்டுப் பேசுவதும் உண்டு. தாங்கோ நடனம் 'கோதான்' ஆகும், காபியைக் குறிக்கும் கஃபே 'ஃபேகா' ஆகும். சின்ன வயதில் 'க' பாஷை பேசியிருந்தால் அந்தச் சந்தோஷம் உடனே புரிந்துவிடும்.

சரி, ஊருக்கு வருவோம். ரெகொலேதா கல்லறைத் தோட்டம், 1908இல் திறந்த கொலோன் அரங்கம், பழைய நாடகக் கொட்டகைக்குள் இயங்கும் அத்தேனியோ புத்தகக் கடை, ஞாயிற்றுக்கிழமை சான் தெல்மோ சந்தை எல்லாம் எந்தக் கையேட்டிலும் இருக்கும். பார்க்கத்தான் வேண்டும், பார்த்துவிடுவீர்கள். லா போகாவில் வண்ண வீடுகள் உள்ள காமினீத்தோவைத் தாண்டித் தனியாக உள்ளே போகாதீர்கள். ஜூலை அங்கே குளிர்காலம், நல்ல கோட்டு வேண்டும்.

நான் சொல்ல விரும்புவது வேறு. தினமும் மதியம், வாய் திறந்து பேசினால்தான் முடியும் என்கிற ஒரு வேலையை வைத்துக்கொண்டு வெளியே போங்கள். நான் பஸ்ஸில் தொடங்கினேன். அங்கே பஸ்ஸை 'கொலெக்தீவோ' என்பார்கள். ஏறியதும் டிரைவரிடம் இறங்குமிடத்தைச் சொல்ல வேண்டும், அவர் கட்டணத்தை அழுத்துவார், அப்புறம்தான் பஸ் கார்டைக் கருவியில் காட்டலாம். லா போகாவிலிருந்து ஒலீவோஸ் போகும் 152இல் ஏறி 'அஸ்தா பிளாசா இத்தாலியா' என்றேன். 'பிளாசா இத்தாலியா வரை', அவ்வளவுதான். பின்னால் வரிசை நிற்கிறது, டிரைவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், ஒரே தடவையில் விளங்க வேண்டும். அவர் திரும்பிப் பார்க்காமலே 'தாலே' என்று பொத்தானை அழுத்தினார். 'தாலே' என்றால் நம் 'சரி'. எந்தத் தேர்வு மதிப்பெண்ணும் எனக்கு அந்தச் 'சரி' தந்த நிம்மதியைத் தந்ததில்லை. கடைகளில் 'கீயா தே' என்ற சின்னப் புத்தகம் கேட்டு வாங்குங்கள். ஒரு பக்கம் கட்டம் போட்ட வரைபடம், எதிர்ப் பக்கம் அதே கட்டங்களில் பஸ் எண்கள். போனை வெளியே எடுக்காமல் வழி கண்டுபிடிக்கலாம், அந்த ஊரில் அது நல்லது.

அடுத்து ரொட்டிக் கடை. இனிப்பு ரொட்டிகளைப் பொதுவாக 'ஃபக்தூராஸ்' என்பார்கள், டஜன் கணக்கில் விற்பார்கள். வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள், விரலால் காட்டாதீர்கள். அந்தப் பெயர்களே ஒரு வரலாற்றுப் பாடம். ஒன்று 'விஹிலாந்தே', காவல்காரன். ஒன்று 'கன்யோன்சீத்தோ', குட்டிப் பீரங்கி. இன்னொன்று 'சக்ரமெந்தோ', திருவருட்சாதனம் என்கிற கிறிஸ்தவச் சடங்கு. 1887இல் அங்கே ரொட்டித் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது அதன் விதிகளை எழுதியவர், அரசே வேண்டாம் என்ற இத்தாலிய அராஜகவாதி எர்ரிகோ மலாதெஸ்தா. போலீஸையும் ராணுவத்தையும் திருச்சபையையும் கேலி செய்ய அந்தத் தொழிலாளர்கள் வைத்த பெயர்கள் இவை என்று ஊரில் சொல்வார்கள். நான் வழக்கமாகப் போன கடையில் ஒரு வயதான அம்மா இடுக்கியால் ஒவ்வொன்றாகத் தட்டில் எடுத்து வைத்தபடி 'வேறென்ன, கெரீதோ?' என்று கேட்பார். உங்களை 'கெரீதா' என்பார். அன்புக்குரியவளே என்று பொருள் எழுதிக்கொள்ள வேண்டாம், கோவைக்காரரான உங்களுக்கு அது 'வேற என்ன கண்ணு?' என்றே காதில் விழும்.

ஒரு வியாழக்கிழமையை மட்டும் எனக்காக ஒதுக்குங்கள். மதியம் மூன்றரைக்கு மையோ சதுக்கத்தில் இருங்கள். ராணுவ ஆட்சி பிடித்துக்கொண்டு போய்க் காணாமலாக்கிய பிள்ளைகளைத் தேடி 1977 ஏப்ரல் 30 அன்று 14 தாய்மார்கள் அங்கே கூடினார்கள். கூட்டம் கூடத் தடை. கலைந்து நடங்கள் என்று போலீஸ் சொன்னது. நடந்தார்கள், அந்தச் சதுக்கத்தையே சுற்றி. அந்த நடை வாராவாரம் தொடர்ந்தது. நான் போன அன்று தலையில் வெள்ளைத் துணி கட்டிய சில பாட்டிகள், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, நடுவில் இருக்கும் தூணை மெதுவாகச் சுற்றி வந்தார்கள். ஒருவர் ஒலிபெருக்கியில் காணாமல்போனவர்களின் பெயர்களை வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் கூட நடந்தவர்கள் 'பிரெசெந்தே' என்றார்கள். அன்று காலை வகுப்பில் ஆசிரியை வருகைப் பதிவுக்கு என் பெயரைக் கூப்பிட்டபோது நான் சொன்ன சொல் அது. நம் பள்ளிக்கூடத்து 'உள்ளேன் ஐயா'. ஓரமாக நின்றிருந்தவன் வரிசையில் சேர்ந்துகொண்டேன். அடுத்த பெயரை வாசித்தபோது நானும் சொன்னேன்.

அன்புடன்.