கேள்வி–பதில்: களிமண் பொம்மையும் கேட்டோ மேனர் மாமரமும்

கேள்வி: அக்கா, கம்போடிய இயக்குநர் ரித்தி பான் எடுத்த 'தி மிஸ்ஸிங் பிக்சர்' (2013) பார்த்தேன். லட்சக்கணக்கானோர் செத்த கதையைக் களிமண் பொம்மைகளை வைத்துச் சொல்கிறார். துயரம் விளையாட்டாகிவிடாதா? தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நம் மக்களை வெளியேற்றிய கேட்டோ மேனர் பகுதியின் கதையை நாளை யாராவது படமெடுத்தால், வீடு இடித்ததை நேராகக் காட்டுவதுதானே சரி?
– ஒரு வாசகர், சாட்ஸ்வர்த்

பதில்: ஆகாது தம்பி. கம்போடியாவில் சர்வாதிகாரி பொல் பாட் ஆட்சியில் (1975–79) கேமரா ஆட்சியாளர்கள் கையில்தான் இருந்தது. அவர்கள் எடுத்து வைத்ததில் ஜனங்கள் வரிசையாக மண் சுமக்கிறார்கள். பட்டினியில் செத்த பிள்ளையை யார் படம் பிடித்தார்கள்? ரித்தி பான் சிறுவனாக அந்த ஆட்சியின் கட்டாய வேலை முகாம்களில் கிடந்தவர், பெற்றோரைப் பறிகொடுத்தவர். நடிகர்களை வைத்து அதை நடித்துக் காட்டாமல், மண்ணில் பொம்மை செய்ய வைத்தார்.

அந்தப் பொம்மைகள் அசையவே அசையாது, கவனித்தீர்களா? கேமராதான் சுற்றி வருகிறது. நகரத்தில் இருக்கும்வரை வண்ணச் சட்டை. முகாமுக்குப் போனதும் எல்லோருக்கும் ஒரே கறுப்பு. போகப் போக விலா எலும்பு தெரிகிறது. முகம் மாறாததால் அழுகையை நாம்தான் போட்டு நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எனக்குத் தொண்டை அடைத்தது அங்கேதான்.

மழையில் கிடக்கும் ஒற்றைச் செருப்பு, சுவரில் உடைந்த கடிகாரம் என்று துயரத்தைக் காட்டப் படங்களில் வைக்கும் சின்னங்கள் எனக்குப் பிடிக்காது. எந்த ஊர்க் கதையிலும் ஒட்டவைத்துவிடலாம்.

சரி, கேட்டோ மேனருக்கு வருவோம். வெள்ளையர் அரசு இந்திய வம்சாவளியினரான நம்மவர்களைச் சாட்ஸ்வர்த் குடியிருப்புக்கும், ஆப்பிரிக்கர்களைக் குவாமாஷு குடியிருப்புக்கும் தூக்கிப்போட்டது. வீடுகளை இடித்த நிலம் வெகுகாலம் சும்மா கிடந்தது. கோவில்கள் மட்டும் நின்றன. பஸ் அந்தப் பக்கம் போனால் என் அம்மா மாமரங்களை வைத்துத்தான் அடையாளம் சொல்வார்: "அது பெரியம்மா வீட்டுக் கொல்லை, அதற்கு அடுத்தது நம்முடையது." கண்ணுக்குத் தெரிவது புதர்தான். ஆனால் அம்மா தெருவையே பார்த்துக்கொண்டிருப்பார். புல்டோசரைக் காட்டுவதைவிட, ஆளில்லாத இடத்தில் காய்த்துத் தொங்கும் அந்த மரத்தைக் காட்டுவேன். அது யாரும் கொண்டுவந்து வைத்த சின்னமில்லை, எங்கள் வீட்டில் மிஞ்சியதே அதுதான்.

ஆனால் ஒன்று. ரித்தி பான் படத்தில் பொம்மைகள் வாய் திறக்காவிட்டாலும் பின்னணிக் குரல் நடந்ததைச் சொல்லிக்கொண்டே வருகிறது. நம் படத்திலும் யார் எங்கே குடியிருக்கலாம் என்று இனம் பார்த்துப் பிரித்த, 1950இல் வந்த குழுப் பகுதிச் சட்டத்தை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். மாமரத்தோடு நிறுத்திக்கொண்டால், ஏதோ புயலடித்து வீடு போய்விட்டது என்றுதான் பேரப்பிள்ளைகள் நினைப்பார்கள்.