செடியிலிருந்து குடிதண்ணீர்: உங்கள் கேள்விகள்

கிளையில் பிளாஸ்டிக் பை கட்டினால் நிஜமாகவே தண்ணீர் வருமா?

வரும், ஆனால் குடம் குடமாக எதிர்பார்க்காதீர்கள். வேர் உறிஞ்சுகிற தண்ணீரில் பெரும்பகுதியை இலைகள் ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கின்றன, அதைத்தான் பைக்குள் பிடிக்கிறோம். நிறமில்லாத பையாக எடுத்து, நல்ல வெயில் படுகிற, இலை அடர்ந்த கிளையை உள்ளே விட்டு, ஒரு மூலை தொங்கும்படி கூழாங்கல் ஒன்றைப் போட்டு, வாயைக் காற்றுப் போகாமல் இறுக்கிக் கட்டுங்கள். கொஞ்ச நேரத்தில் உள்பக்கம் புகை படிந்த மாதிரி மங்கும், அப்புறம் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து மூலைக்கு வழியும். முதல் தடவை நாள் முழுக்கக் காத்திருந்து நான் எடுத்தது அரை டம்ளர்கூட இல்லை, அதிலும் ஒரு எறும்பு மிதந்தது. அதனால் நாலைந்து பையாவது கட்டுங்கள், மறுநாள் வேறு கிளைக்கு மாற்றுங்கள். அரளி, எருக்கு போன்ற விஷச் செடிகள் பக்கமே போகாதீர்கள்.

கள்ளியை வெட்டிக் குடிக்கலாமாமே?

வேண்டாம். உள்ளே இருப்பது தண்ணீர் இல்லை, கொழகொழப்பான சாறு. பெரும்பாலான கள்ளிகளின் சாறு வாந்தியும் பேதியும் வரவைக்கும், இருக்கிற தண்ணீரும் உடம்பை விட்டுப் போய்விடும்.

காட்டுக்கொடியை வெட்டினேன், ரெண்டு சொட்டோடு நின்றுவிட்டது. ஏன்?

முதலில் கீழே வெட்டியிருப்பீர்கள். கொடிக்குள் இருக்கும் தண்ணீரை மேலே உள்ள இலைகள் இழுத்துக்கொண்டே இருக்கின்றன, கீழே அறுத்ததும் அது மேலே ஏறிவிடும். கை எட்டுகிற உயரத்தில் முதல் வெட்டு, பிறகுதான் அடியில். பால் மாதிரியோ கலராகவோ வந்தால், கசந்தால், தூக்கிப் போடுங்கள். தெளிவாக வந்தாலும் கொடியில் வாய் வைக்காமல் பாத்திரத்தில் பிடியுங்கள், பட்டை பட்டாலே சிலருக்கு உதடு எரியும்.

மூங்கிலில்?

பச்சை மூங்கிலை ஆட்டிப் பாருங்கள். சலசலத்தால் கணுவுக்குச் சற்று மேலே துளை போடுங்கள். கொதிக்க வைத்துக் குடிப்பது நல்லது.

குழி தோண்டி, செடிகொடிகளைப் போட்டு, மேலே பிளாஸ்டிக் விரிக்கிற முறை எப்படி?

படத்தில் பார்க்க அழகாக இருக்கும். உச்சி வெயிலில் தோண்டும்போது நீங்கள் சிந்துகிற வியர்வை, அந்தக் குழி தருகிற தண்ணீரைவிட அதிகமாகிவிடலாம். பேசாமல் நிழலில் உட்காருங்கள். விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன், சுத்தமான துணியைக் கணுக்காலில் சுற்றிக்கொண்டு புல்வெளியில் நடந்து, நனைந்ததும் பிழிந்து எடுங்கள்.