வாசகர் கேள்வி பதில்: ‘முன்விரோதம்’ என்ற ஒற்றைச் சொல்

கேள்வி: நான் சமூகவியல் இளங்கலை மூன்றாம் ஆண்டு மாணவி. கொலை, கொலை முயற்சி போன்ற வன்முறைக் குற்றங்களைப் பற்றிய ஆய்வில் இன்டர்ன்ஷிப் செய்ய விரும்புகிறேன். “ரவுடிகள் பின்னால் அலைகிற வேலை உனக்கு எதற்கு?” என்று அம்மா தடுக்கிறார். யாரை அணுகுவது? என்ன வேலை தருவார்கள்? எங்கள் பகுதியைப் பற்றியே ஆய்வு செய்யலாமா?
— வாசகி, வியாசர்பாடி

பதில்: இந்தப் பயிற்சியில் மாணவர்கள் அலைவதெல்லாம் பெரும்பாலும் காகிதக் கட்டுகளுக்குள்தான் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அமெரிக்கக் குற்றவியல் அறிஞர் மார்வின் வுல்ஃப்காங், ஃபிலடெல்பியா நகரில் 1948 முதல் 1952 வரை கொலையுண்ட 588 பேரைப் பற்றிய காவல்துறைக் கோப்புகளைப் படித்தே தம் ஆய்வை எழுதினார். ஏறத்தாழ நான்கில் ஒரு கொலையில், முதலில் கை ஓங்கியவர் இறந்துபோனவரே என்று அவர் கண்டார்.

உங்களுக்குத் தரும் வேலையும் அந்த வகைதான். ஒரு தீர்ப்பைப் படித்து நேரம், இடம், ஆயுதம், இருவருக்கும் இடையிலான உறவு ஆகியவற்றை எக்செல் தாளில் ஒரு வரியாக நிரப்ப வேண்டும். ‘காரணம்’ என்ற கட்டத்துக்கு வரும்போதுதான் பேனா நிற்கும். நம் ஊர்க் கோப்புகளில் ‘முன்விரோதம் காரணமாக’ என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார்கள். அதை அப்படியே எடுத்து எழுதினால் ஆய்வு அங்கேயே படுத்துவிடும். தண்ணீர் லாரி வந்த அன்று குடத்தை நகர்த்தியதில் தொடங்கிய சண்டையா, கஞ்சாப் பணத்தைப் பங்கிட்டதில் வந்த தகராறா, இரண்டு ஆண்டுகளுக்கு முன் விழுந்த வெட்டுக்குப் பழியா என்பதைச் சாட்சியங்களுக்குள் தேடி எடுப்பதே உங்கள் வேலை. ஒரே கோப்பை இரண்டு மாணவர்களிடம் தனித்தனியே கொடுத்து, இருவரும் ஒரே காரணத்தைக் குறித்திருக்கிறார்களா என்று ஒப்பிடுவதும் உண்டு. பல நேரம் ஒத்துப்போகாது. அந்த வாக்குவாதத்தில்தான் படிப்பே இருக்கிறது.

எண்களிலும் ஏமாறலாம். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த கொலைக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பிரிவு 302. அன்று முதல் நடந்ததற்கு, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 103. பழைய எண்ணை மட்டும் தேடினால் ஊரில் கொலையே நின்றுவிட்டதாகத் தோன்றும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையிலோ, ஒரே எஃப்.ஐ.ஆரில் கொலையும் கொள்ளையும் இருந்தால் கொலை மட்டுமே கணக்கில் ஏறும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் குற்றவியலுக்கெனத் தனித் துறை இருக்கிறது. அங்குள்ள பேராசிரியர் ஒருவரின் கட்டுரையைப் படித்துவிட்டு, அதில் எந்தப் பகுதியில் உதவ முடியும் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்; ‘எந்த வேலையானாலும் செய்வேன்’ என்று எழுதினால் பதில் வராது. புழல் சிறை அருகில்தானே, கைதிகளிடமே பேசிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். சிறைத்துறையின் அனுமதி கோடை விடுமுறைக்குள் கிடைத்துவிடும் என்று நம்பித் திட்டமிடாதீர்கள். கொலை வழக்குகளை விசாரிக்கும் செஷன்ஸ் நீதிமன்றங்களின் தீர்ப்புகளை, நீதிமன்றங்களின் அரசு இணையதளமான இ-கோர்ட்ஸில் கட்டணமின்றிப் படிக்கலாம். பணம் கட்டினால் ஒரு வாரத்தில் சான்றிதழ் தருவதாகச் சொல்லும் விளம்பரங்களின் பக்கம் போகவே வேண்டாம்.

உங்கள் பகுதியையே ஆராயலாம். எந்தச் சந்து எங்கே முடிகிறது என்பது வெளியாருக்குத் தெரியாது. ஆனால் விசாரணையில் இருக்கும் வழக்கைப் பற்றி அக்கம்பக்கத்தில் எதுவும் கேட்காதீர்கள். வழக்கறிஞருக்கு உள்ளதுபோன்ற இரகசியப் பாதுகாப்பு ஆய்வு மாணவருக்குச் சட்டத்தில் இல்லை, உங்களையே சாட்சியாக அழைக்கலாம். சட்டத்துடன் முரண்பட்ட சிறுவரின், அதாவது குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் 18 வயது நிரம்பாதவரின், அடையாளத்தை வெளியிடுவது 2015-ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி குற்றம் என்பதால், பெயருக்குப் பதில் எண்ணையே எழுதுங்கள். காகிதக் கட்டுக்குள் உங்கள் தெருக்காரர் ஒருவரின் கோப்பு வந்தால், படிக்காமல் மூடி, அதைப் பக்கத்து மேசை மாணவரிடம் கொடுத்துவிட்டு வேறொன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.