காலையில் கனக்கும் தையல் மிஷின்: மலையில் சர்வீஸ் எப்போது, எதற்கு?

கேள்வி: கோத்தகிரியில் வீட்டிலேயே தைத்துக் கொடுக்கிறேன். ஒரு நாளைக்கு நாலைந்து மணி நேரம் மிஷின் ஓடும். மிதி மிஷினாக வாங்கி, பிறகு மோட்டார் மாட்டியது. காலையில் சக்கரம் கனமாகச் சுற்றுகிறது, மதியத்துக்கு மேல் லேசாகிவிடுகிறது. காட்டனில் தையல் ஒழுங்காக விழுகிறது. ஃபிளீஸ் துணியில் மட்டும் விட்டு விட்டு விழுகிறது. வாரம் தவறாமல் எண்ணெய் விடுகிறேன். மிஷின் ஆயில் தீர்ந்த நாட்களில் தேங்காய் எண்ணெய். இதற்கும் மேல் சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டுமா, புது மிஷினே வாங்கிவிடலாமா?

பதில்: புது மிஷின் வேண்டாம். காலையில் கனத்து, வெயில் ஏறியதும் லேசாகிறது என்றால் அது தேய்ந்துபோன மிஷின் அல்ல. உள்ளே எண்ணெய் இறுகிப்போன மிஷின். தேய்மானம் என்றால் நேரம் பார்க்காது. எப்போதும் கடகடவென்று சத்தம் போடும், ஊசித் தண்டைப் பிடித்து ஆட்டினால் ஆடும்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைய ஆரம்பித்துவிடும். உங்கள் ஊரில் வருடத்தில் பெரும்பாலான நாட்கள் அது புட்டியிலேயே வெள்ளையாக நிற்கும். அதேதான் தண்டுக்கும் அதைத் தாங்கும் உலோக வளையமான புஷ்ஷுக்கும் நடுவே உள்ள முடி கனமே இருக்கும் இடைவெளியிலும் நடக்கிறது. போதாததற்குப் பஞ்சும் தூசியும் சேர்ந்து பிசினாகிவிடும். ஊசிக்குக் கீழே நூலைப் பிடிக்கும் ஷட்டிலைக் கழற்றி அது ஓடும் தடத்தை விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வெல்லப்பாகு காய்ந்த மாதிரி பழுப்பாக ஒட்டும். இதன் மேல் எவ்வளவு நல்ல ஆயில் விட்டாலும் உள்ளே இறங்காது, வழிந்து துணியில் கறையாகும். வாராவாரம் எண்ணெய் விட்டும் பலன் தெரியாததற்குக் காரணம் இதுதான். தேங்காய் எண்ணெயை இன்றோடு நிறுத்திவிடுங்கள். நிறமில்லாத, தண்ணீர் போல் மெல்லிசான மிஷின் ஆயில், ஒரு துளைக்கு ஒன்றிரண்டு சொட்டு, அது போதும்.

மோட்டார் மாட்டியதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மிதித்துத் தைத்தபோது மிஷின் கனத்தால் முதலில் காலுக்குத் தெரிந்துவிடும். இப்போது அந்தப் பாரத்தை மோட்டார் வாயைத் திறக்காமல் சுமக்கிறது. சூடு, கருகல் வாடை, மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் பக்கம் அதிகமான தீப்பொறி என்று அது சொல்ல வரும்போது செலவு பெரிதாகியிருக்கும். இழுவை போதவில்லை என்று பெல்ட்டை இறுக்கிவிடவும் கூடாது. நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும்; அதற்கும் இறுக்கமானால் சக்கரத் தண்டின் புஷ் ஒரு பக்கமாகத் தேயும்.

இனி ஃபிளீஸ். ஊசி அடிவரை இறங்கி, அங்கிருந்து சுமார் 2 மில்லிமீட்டர் மேலே ஏறும்போது அதன் காதருகே நூல் ஒரு சிறு வளையமாகப் பிதுங்கும். ஷட்டிலின் கூர்முனை அந்த நொடியில் வளையத்துக்குள் நுழைந்தால்தான் ஒரு தையல் விழும். ஃபிளீஸ் தடிப்பாகவும் இழுபடும் தன்மையோடும் இருப்பதால் ஊசியோடு சேர்ந்து துணியும் எழும்பும், வளையம் சரியாகப் பிதுங்காது. காட்டனில் மறைந்திருக்கும் சின்னக் கோளாறெல்லாம் இதில் வெளியே வந்துவிடும். அதனால் மெக்கானிக்கைத் தேடும் முன் ஊசியை மாற்றிப் பாருங்கள்: 14ஆம் நம்பர், முனை உருண்ட பால்பாயிண்ட் ஊசி. தட்டைப் பக்கம் பழைய ஊசிக்கு இருந்த அதே திசையில், முட்டும் வரை மேலே ஏற்றி முடுக்குங்கள். ஓதம் ஏறிய சுவர் அலமாரியில் பிரித்து வைத்த ஊசி பளபளப்பாகத் தெரிந்தாலும் காதுக்குள் துரு பிடித்திருக்கும், அதை நம்ப வேண்டாம். துணியை நகர்த்தும் ஃபீட் பற்களின் இடுக்கில் ஃபிளீஸ் பஞ்சு கம்பளி மாதிரி அழுந்தி உட்கார்ந்திருக்கும். ஊசிக்கு அடியிலுள்ள தட்டைக் கழற்றி பிரஷ்ஷால் வாரத்துக்கு ஒருமுறை எடுத்துவிடுங்கள். ஊதாதீர்கள், வாயின் ஈரம் அப்படியே இரும்பில் உட்காரும்.

புது ஊசியிலும் தையல் விடுகிறதென்றால் அதற்கு மேல் நீங்கள் கை வைக்க வேண்டாம். ஊசித் தண்டு ஒரு மில்லிமீட்டர் நழுவியிருந்தாலும், ஷட்டில் முனை மழுங்கியிருந்தாலும் இதே அறிகுறிதான். அளவு தெரியாமல் திருகினால் ஊசி ஷட்டிலில் இடித்து முனையே உடையும்.

சர்வீஸ் என்ற பெயரில் மேலே துடைத்து நாலு சொட்டு ஆயில் விட்டுக் கொடுப்பவர்களும் உண்டு. உங்கள் மிஷினுக்கு அது போதவே போதாது. ஒவ்வொரு எண்ணெய்த் துளையிலும் மண்ணெண்ணெய் விட்டு, நூல் கோக்காமல், துணியை அழுத்தும் காலைத் தூக்கி வைத்து, கையால் சக்கரத்தைச் சுற்றிப் பிசினைக் கரைத்து வெளியேற்ற வேண்டும். மோட்டாரையும் பெல்ட்டையும் அதற்கு முன்பே கழற்றியிருக்க வேண்டும். அழுக்கு வருவது நின்ற பிறகு துடைத்து, அன்றைக்கே ஆயில் விட வேண்டும். மண்ணெண்ணெயோடு விட்டால் இரும்பு வறண்டு, மலை ஈரத்தில் சீக்கிரமே துருப்பிடிக்கும். அதன் பிறகே ஊசித் தண்டின் உயரம், ஷட்டில் ஊசியைச் சந்திக்கும் நேரம் (டைமிங்), ஃபீட் பல்லின் உயரம், நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள், கார்பன் பிரஷ் எல்லாம். இவை ஒவ்வொன்றும் பார்க்கப்பட்டதா என்று கேட்டு வாங்குங்கள். மாற்றிய பாகம் இருந்தால் பழையதைத் திருப்பிக் கேளுங்கள்.

உங்கள் அளவு வேலைக்கு வருடம் இரண்டு சர்வீஸ். நாள் முழுக்க ஓடும் கடை மிஷினுக்கு மூன்று மாதத்துக்கு ஒன்று. எப்போதாவது தைப்பவர்களுக்கும் வருடம் ஒன்று கட்டாயம், சும்மா நிற்கும் மிஷினில்தான் எண்ணெய் அதிகம் இறுகும். மாதத்தைத் தேர்ந்தெடுக்க மழையைப் பாருங்கள். கோத்தகிரி, குன்னூர் பக்கம் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை கொட்டும். அது ஓய்ந்ததும் டிசம்பர் தொடக்கத்தில் கொடுத்துவிட்டால் படுகர்களின் ஹெத்தை பண்டிகைத் துணி வந்து குவிவதற்குள் மிஷின் கைக்கு வந்துவிடும். மற்றொன்றைப் பள்ளிச் சீருடை வேலைக்கு முன், மார்ச்சில் வைத்துக்கொள்ளலாம். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்குத் தென்மேற்கு மழைதான் கணக்கு, அவர்கள் செப்டம்பர் முடிவில் கொடுப்பது நல்லது. மழை மாதங்களில் பிளாஸ்டிக் உறை போடாதீர்கள், உள்ளே ஈரம் வியர்த்து நிற்கும். பருத்தித் துணியால் மூடி, ஈரச் சுவரை விட்டு ஓர் அடி தள்ளி வையுங்கள்.

கொண்டுபோகும்போது ஊசியைக் கழற்றி, காலுக்கு அடியில் ஒரு துணியை மடித்து வைத்து இறக்கிவிடுங்கள். பாபின் கேஸ், நீங்கள் தைக்கும் நூல், இரண்டு மடிப்பு ஃபிளீஸ் துண்டு மூன்றும் கூடவே போகட்டும். காட்டன் துண்டில் ஓட்டிக் காட்டினால் இப்போதே நன்றாகத்தான் ஓடும். மேட்டுப்பாளையத்தில் கொடுப்பதாக இருந்தால் மிஷின் குளிரில் ஓடுவது என்று சொல்லுங்கள். கீழே நண்பகல் வெயிலில் எந்த எண்ணெயும் இளகித்தான் இருக்கும்.

சர்வீஸ் முடிந்து வந்த மறுநாள் காலை, அடுப்போ ஹீட்டரோ பற்றவைக்கும் முன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, காலைத் தூக்கி வைத்துச் சக்கரத்தை ஒரே விரலால் சுற்றுங்கள். தடங்கலில்லாமல் முழுச் சுற்று வர வேண்டும். எங்கேயாவது இழுத்துப் பிடித்தால் பணம் கொடுத்த சூடு ஆறும் முன்பே திருப்பிக் கொண்டுபோங்கள்.