நேராகக் கீழடிக்குப் போனால் என்ன?

கேள்வி: என் மகன் பி.ஏ. வரலாறு முதலாண்டு. இந்தியத் தொல்லியல் அறிமுகத் தாளில் கல்லாயுதம், மண்ணடுக்கு, பானை ஓடு என்றே பாதிப் பருவம் ஓடிவிட்டது. நாம் பெருமைப்படக்கூடிய அரப்பா, கீழடியை நேராகச் சொல்லிக்கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?
– வாசகர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: கீழடியை நம்புவதற்கான காரணமே குறைந்துவிடும்.

நீங்கள் சலித்துக்கொள்ளும் அந்தப் பானை ஓட்டையே எடுத்துக்கொள்வோம். 1945இல் புதுச்சேரிக்குப் பக்கத்திலுள்ள அரிக்கமேட்டைத் தோண்டிய பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்டிமர் வீலருக்கு, இத்தாலியில் செய்த சிவப்பு மெருகுக் கலங்களின் ஓடுகள் கிடைத்தன. அவை கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்துச் சரக்கு என்பது ஐரோப்பாவில் முன்பே தெரிந்த சங்கதி. அதே அடுக்குகளில், உட்புறம் வட்ட வட்டமாகப் புள்ளிக்கோடு போட்ட தட்டுகளின் ஓடுகளும் கிடந்தன. ஆக, இந்தத் தட்டுகளுக்கும் காலம் தெரிந்தது. 1947இல் கர்நாடகத்துப் பிரம்மகிரியில் குழி போட்டால், மேலடுக்கில் அதே புள்ளிக்கோட்டு ஓடு! அதற்குக் கீழே பெருங்கற்காலம், அதாவது பெரிய கற்களை அடுக்கி ஈமச்சின்னம் எழுப்பியவர்களின் காலம். அதற்கும் கீழே மெருகேற்றிய கற்கோடரி. எந்தக் காலத்தவர் என்றே சொல்ல முடியாமல் கிடந்த தென்னிந்தியப் பெருங்கற்கால மக்களுக்கு ஒரு காலவரிசை கிடைத்தது இப்படித்தான். பிற்பாடு தொல்லியலாளர் விமலா பெக்லி அரிக்கமேட்டுச் சான்றுகளை மறுபடி அலசி, அந்தத் தட்டுகள் இத்தாலியச் சரக்கு வருவதற்கு முன்பே, கி.மு.விலேயே புழங்கியவை என்று காட்டினார். வீலர் போட்ட கணக்கைத் திருத்தியதும் அதே ஓடுகள்தாம்.

இதைப் படிக்காத பையன் கையில் ஓர் ஆண்டு கிடைத்தால் என்ன செய்வான்? 2025 சனவரியில் தமிழக அரசு வெளியிட்ட இரும்பு பற்றிய அறிக்கையில் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளைக்குக் கி.மு. 3345 வரை ஆண்டு வந்தது. ஊரெல்லாம் அதைக் கொண்டாடியது, எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் கதிரியக்கக் கரிமத்தை அளக்கும் முறை காலம் சொல்வது கரித்துண்டுக்கு, இரும்புக்கு அல்ல. கரியும் இரும்பும் கலையாத ஒரே அடுக்கில் கிடந்தனவா என்று கேட்கத் தெரிந்தவனே அந்த ஆண்டைச் சபையில் நின்று காப்பாற்றுவான். கைதட்ட மட்டும் தெரிந்தவன் முதல் எதிர்க்கேள்வியிலேயே வாயடைத்து நிற்பான்.

இன்னொன்று. பழைய கற்காலம், புதிய கற்காலம், செம்புக்காலம், இரும்புக்காலம் என்று கைடுகள் அடுக்கும் வரிசை நாடு முழுதுக்கும் ஒன்றுபோல் பொருந்தாது. சிந்துவெளியில் நகரங்கள் செழித்த நாளில் தெக்காணத்தில் மாடு வளர்த்தவர்கள் பட்டி போட்டு, சாணத்தைக் குவித்து எரித்திருக்கிறார்கள். தெலங்கானாவின் உட்னூரில் 1957இல் தொல்லியலாளர் ஆல்சின் தோண்டிய சாம்பல் மேட்டில் மாட்டுக் குளம்புத் தடம்கூடப் பதிந்திருந்தது. இவர்கள் அரப்பாவைவிடப் பின்தங்கியவர்கள் என்று உங்கள் மகன் எழுதினால் மதிப்பெண் கொடுக்கக் கூடாது.

பாடத்திட்டத்தில் எனக்கும் ஒரு கோபம் உண்டு, உங்கள் கோபம் அல்ல. பல கல்லூரிகளில் பழைய கற்காலக் கைக்கோடரி ஒன்றைக்கூடக் கையில் தொடாமலே பையன்கள் இந்தத் தாளை எழுதித் தேறிவிடுகிறார்கள். 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கண்டெடுத்ததும், பிறகு திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் பதினைந்து லட்சம் ஆண்டுப் பழமை என்று நிறுவப்பட்டதும் இந்த வகைக் கல்லாயுதங்களைத்தான். ஃபூட் சேர்த்தவை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பூண்டியில் இதற்கென்றே ஓர் அகழ்வைப்பகம் உண்டு. துறைத்தலைவரைப் பார்த்து, இந்தப் பருவத்திலேயே பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகச் சொல்லிக் கேளுங்கள்.