மூக்கைத் திறந்து செய்வதா, உள்வழியாகவா? கேள்வி பதில்

கேள்வி: மூக்கின் வடிவத்தைத் திருத்தும் அறுவையில் திறந்த முறை, மூடிய முறை என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

பதில்: மூடிய முறையில் வெட்டுகள் எல்லாம் மூக்குத் துளைக்குள்ளேயே இருக்கும். திறந்த முறையில் இரு துளைகளுக்கும் நடுவே உள்ள தோல் தூணிலும் குறுக்கே ஒரு சின்ன வெட்டு உண்டு. அதன் வழியாகத் தோலைத் தூக்கினால் நுனிக் குருத்தெலும்புகள் இருக்கிற இடத்திலேயே கண்ணுக்குத் தெரியும். மூக்குத் தண்டின் மேட்டை மட்டும் இழைப்பதற்கு இவ்வளவு தேவையில்லை. நுனி கோணலாக இருந்தாலோ, முன்பு செய்த அறுவை கெட்டிருந்தாலோ, காதிலிருந்தோ விலாவிலிருந்தோ குருத்தெலும்பு எடுத்துத் தைக்க வேண்டியிருந்தாலோ நான் திறந்துதான் செய்வேன். புகைப்பவர்கள் முதலில் அதை விடுங்கள். ரத்த ஓட்டம் குறைந்தால் அந்தத் தூணின் தோல் அழுகக்கூடும்.

கேள்வி: தழும்பு தெரியுமா?

பதில்: நன்றாக ஆறினால், கீழேயிருந்து தேடிப் பார்ப்பவருக்குத்தான்.

கேள்வி: மூடிய முறையில் வீக்கம் சீக்கிரம் வடியும் என்கிறார் என் மருத்துவர். நீங்கள் திறந்த முறையை ஆதரிப்பது கைப்பழக்கத்தால்தானே?

பதில்: கைப்பழக்கமும் ஒரு காரணம்தான், ஒப்புக்கொள்கிறேன். வீக்கம் பற்றி அவர் சொல்வதும் சரி. திறந்து செய்தால் நுனி வீக்கம் கூடுதல் நாள் நிற்கும். ஆனால் எந்த முறையானாலும் கடைசி வடிவம் தெரிய ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும்.

கேள்வி (அவரே): அப்படியானால் பழையவர்கள் ஏன் உள்வழியாகச் செய்தார்கள்?

பதில்: எல்லோரும் அப்படித் தொடங்கவில்லை. 1887இல் அமெரிக்க மருத்துவர் ஜான் ரோ உள்வழியாகச் செய்தார். 1898இல் பெர்லினில் அறுவை மருத்துவர் ழாக் யோசஃப் வெளியே வெட்டித் தொடங்கி, பிறகு தானே உள்வழிக்கு மாறினார். இந்தச் சண்டை அவ்வளவு பழசு. எனக்கு வழியைவிட, உள்ளே என்ன மிஞ்சுகிறது என்பதுதான் கவலை. மேட்டை இழைத்தபின் நடுப்பகுதி உள்ளே சரிந்தால் மூக்கு அழகாக இருக்கும், மூச்சு போகாது. அதனால்தான் மூக்கின் உள்ளே இரு பக்கத்தையும் பிரிக்கும் நடுச்சுவரின் இருபுறமும் குருத்தெலும்புப் பட்டை வைத்து அகலம் காக்கிறோம். நடுச்சுவரிலிருந்து குருத்தெலும்பு எடுக்கும்போதும் அதன் மேல் விளிம்பிலும் முன் விளிம்பிலும் ஒரு சென்டிமீட்டராவது விட வேண்டும். பேராசைப்பட்டு எடுத்தால் மூக்கு பிற்பாடு குழிந்துவிடும். உங்கள் மருத்துவரிடம் தழும்பைப் பற்றிக் கேட்டது போதும், இதைக் கேளுங்கள்.

கேள்வி: அறுவையே வேண்டாம், ஃபில்லர் (தோலுக்கடியில் ஊசியால் போடும் நிரப்பி) போட்டால்?

பதில்: மேட்டின் மேலும் கீழும் நிரப்பி அதை மறைக்கலாம், மூக்கைச் சிறிதாக்க முடியாது. ஊசி மருந்து ரத்தக்குழாய்க்குள் போனால் பார்வையே போகலாம். மூக்கு அதற்கு ஆபத்தான இடம்.

கேள்வி: வயது 14, செய்யலாமா?

பதில்: முகம் வளர்ந்து முடியட்டும்.

கேள்வி: தழும்பு தெரியுமா, டாக்டர்?

பதில்: இரண்டாவது கேள்வியைப் பாருங்கள்.

கேள்வி: நான் எப்போதாவதுதான் புகைப்பேன். பரவாயில்லையா?

பதில்: எப்போதாவதும் வேண்டாம்.